உங்களுக்குத் தெரியுமா? நீளக் கூந்தலும் நீச்சல் குளமும்

ஏப்ரல் பிறந்தால் நீச்சல் வகுப்பு. ஜூனில் பள்ளி திறக்கும்போது பெண்ணின் சடை நுனி செம்பட்டை பாய்ந்திருக்கும். “வெயில்ல கெடந்து முடியே போச்சு” என்று வீட்டுப் பெரியவர்கள் வெயிலைத் திட்டுவார்கள். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் குளத்துத் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரினை யாரும் விசாரிப்பதில்லை. நீளமான முடியோடு நீந்துகிறவர்களுக்கும், பிள்ளைகளை நீந்த அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் அம்மாக்களுக்கும் இந்தத் துணுக்குகள்.

● தண்ணீரைச் சுத்தம் செய்ய வருவதற்கு முன்பே குளோரின் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டது. சுவீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் 1774-ல் இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். பிரான்ஸின் பெர்தொலே 1780-களில் அதைக்கொண்டு துணியின் நிறத்தைப் போக்கிக் காட்டினார். ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799-ல் அதைப் பொடி வடிவத்தில் செய்து காப்புரிமை வாங்கினார். மழைக்காலத்தில் ஊராட்சி ஆட்கள் வாளியில் கொண்டுவந்து தெளிக்கிறார்களே, அந்த பிளீச்சிங் பவுடர்தான் அது. அமெரிக்காவில் ஊர்க் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் வேலை ஜெர்சி சிட்டியில் 1908-ல் தொடங்கியது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளத்தில் 1910-ல் கலந்தார்கள். நிறத்தைத் தின்பது அதன் பிறவிக் குணம். தலைமுடியைக் கண்டால் மட்டும் சும்மா விடுமா?

● கறுப்பு முடிக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளைக்காரர்களின் பொன்னிற முடிக்குத்தான் குளோரின் பகை என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. ஜப்பானியர்களின் முடி நம்முடையதைப் போலவே கறுப்பு. அந்நாட்டின் முன்னணி நீச்சல் வீரர்களை நீந்தாதவர்களோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு ஒன்று 2000-ல் தோல் மருத்துவ இதழில் வெளியானது. வீரர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேரின் முடி பழுப்பும் பொன்னுமாக மாறியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, முடியின் மேல்தோல் தேய்ந்து போயிருந்தது. உள்ளே கறுப்பு நிறம் தரும் மெலனின் சிதைந்திருந்தது. நீந்தும்போது தண்ணீர் உரசி மேல்தோலைத் தேய்க்கிறது. திறந்த வழியாகக் குளோரின் உள்ளே போய் நிறத்தை அழிக்கிறது. வெயிலும் மெலனினைச் சிதைக்கும் என்பதால், திறந்தவெளிக் குளத்தில் நீந்துகிறவருக்கு இரண்டு பக்கமும் அடி.

● அப்படியானால் நீந்தினால் முடி பச்சையாகும் என்கிறார்களே? ஆகும். ஆனால் அதைச் செய்வது குளோரின் இல்லை, செம்பு. குளத்தில் பாசி பிடிக்காமலிருக்கச் செம்புச் சத்துள்ள மருந்து போடுவார்கள். சில இடங்களில் பழைய செம்புக் குழாய் அரித்தும் தண்ணீரில் கலக்கும். அந்தச் செம்பு முடியிலுள்ள புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பொன்னிற முடியில் பளிச்சென்று தெரியும். நம் முடியிலும் அதே செம்பு ஒட்டத்தான் செய்கிறது. கறுப்பு அதை மறைத்துவிடுகிறது. நரைத்த தலையும் பிளீச் செய்து நிறம் ஏற்றிய தலையும் மாட்டிக்கொள்ளும்.

● ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால், நாட்டு ஓடு வேய்ந்த கூரை நினைவுக்கு வரும். ஒன்றன் மேல் ஒன்று பாதி மூடியபடி, வேரிலிருந்து நுனி நோக்கிச் சரிந்த செதில்கள். மழைநீர் கூரையில் வழிந்தோடுவதைப் போல, நல்ல முடியில் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்குவதில்லை. செதில்களின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றும் ஒட்டியிருக்கிறது. முடி வழுவழுப்பாக இருப்பதும், ஒன்றோடொன்று உரசிச் சிக்காமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான்.

ஆல்வோர்டன் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1916-ல் ஒன்றை எழுதி வைத்தார். விலங்கு மயிரைக் குளோரின் நீரில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செதில்களின் மேல் குமிழ் குமிழாகக் கொப்புளம் கிளம்புகிறது! செதிலுக்கு உள்ளேயிருக்கும் புரதத்தைக் குளோரின் உடைத்துக் கரைக்கிறது. கரைந்தது வெளியே வர முடியாமல் மேல்சவ்வைத் தூக்குகிறது. மனித முடியிலும் இதே கொப்புளம் வரும். சோதனைச் சாலையில் பயன்படுத்தும் கரைசல் குளத்து நீரைவிடப் பல மடங்கு வீரியமானது. ஒரு முறை நீந்தினால் தலையெல்லாம் கொப்புளம் என்று பயந்துவிட வேண்டாம். குளோரின் எந்த இடத்தில் கை வைக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது.

● கம்பளி ஆலைக்காரர்கள் இதே கெடுதலைக் காசாக்கிக்கொண்டார்கள். ஆட்டு ரோமமும் நம் முடியைப் போல கெரட்டின்தான். கம்பளிச் சட்டையைத் தண்ணீரில் அலசிப் பிசைந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சட்டை சுருங்கிவிடும். அதனால் நூலைக் குளோரினில் ஊறவைத்துச் செதில்களை மழுக்கி, மேலே ஒரு பிசின் பூச்சும் கொடுக்கிறார்கள். ‘மெஷினில் துவைக்கலாம்’ என்ற சீட்டோடு வரும் கம்பளி ஆடைகள் பலவற்றின் கதை இது. நீச்சல் குளத்தில் நம் தலைக்கு முதல் பாதி மட்டும் நடக்கிறது; பூச்சு கொடுக்க ஆள் இல்லை.

● உங்கள் சடை நுனிக்கு என்ன வயது? தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ., வருடத்துக்கு 15 செ.மீ. வளர்கிறது. இடுப்பைத் தொடும் 75 செ.மீ. கூந்தல் என்றால், அதன் நுனி ஐந்து வருடத்துக்கு முன்னால் தலையிலிருந்து கிளம்பியது. ஐந்து கோடை வெயில், ஐந்து வருட ஷாம்பு, ஐந்து வருடச் சீப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் அவ்வளவு தூரம் இறங்கி வருவதும் இல்லை. கிராப்புத் தலை பையன் குளோரினில் கெட்ட முடியை மூன்று மாதத்தில் சலூனில் விட்டுவிட்டு வந்துவிடுவான். நீள முடிக்காரிக்கு அந்த வசதி கிடையாது. முடி உயிரில்லாத பொருள். கெட்டது தானாக ஆறாது. அதனால்தான் இந்த விஷயத்தில் பின்னால் செய்யும் வைத்தியத்தைவிட முன்னால் செய்யும் காவலுக்கு மதிப்பு அதிகம்.

● ஒலிம்பிக் அளவுக் குளம் என்பது 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இரண்டு மீட்டர் ஆழம் என்று வைத்தால் 25 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் நிற்க வேண்டுமென்றால் மொத்தக் குளத்துக்கும் இரண்டரைக் கிலோதான் கணக்கு. கேட்கும்போது கொஞ்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் வெயிலும் வியர்வையும் அதைத் தின்றுகொண்டே இருப்பதால் தினமும் ஊற்றியாக வேண்டும்.

● கிணற்று நீரிலும் குளோரின் உண்டு. பொது சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும் அளவு, 1,000 லிட்டர் கிணற்று நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். அது லிட்டருக்கு சுமார் 0.7 மி.கி. குளோரின் தரும். பாட்டி காலத்துப் பெண்கள் சடையோடு கிணற்றில் குதித்து நீந்தியும் முடி நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். அந்தக் கிணற்றில் மருந்து விழுந்தது காலரா வந்த வருடம் மட்டும்; இன்றைய குளத்தில் வருடம் 365 நாளும்.

● குளத்துப் பராமரிப்பாளர் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். குளோரின் அளவோடு அவர் பார்ப்பது பி.எச். எனும் அமில-கார அளவையும்தான். தண்ணீரில் குளோரின் இரண்டு உருவத்தில் இருக்கும். கிருமியைக் கொல்லும் வீரியமுள்ளது ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றது வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட். பி.எச். 7.5 இருந்தால் இரண்டும் பாதிக்குப் பாதி. 7.2-க்கு இறங்கினால் வீரியமுள்ளது மூன்றில் இரண்டு பங்கு. 8-க்கு ஏறினால் கால் பங்கு. பி.எச். ஏறிய குளத்தில் கிருமி சாக வேண்டுமானால் குளோரினைக் கூட்டி ஊற்ற வேண்டிவரும். காரம் ஏறிய தண்ணீர் முடியை உப்ப வைத்துச் செதில்களையும் தூக்கிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குளங்களுக்குச் சொல்லும் அளவு பி.எச். 7-க்கும் 7.8-க்கும் இடையில், குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மி.கி. கட்டணம் கட்டும் முன் “இன்னைக்கு பி.எச். எவ்வளவு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நன்றாக நடத்தப்படும் குளத்தில் உடனே பதில் வரும்.

● ‘குளோரின் வாடை’ என்று நாம் சொல்லும் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி, குளோரின் அதிகமாக இருப்பதன் அறிகுறி என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறோம். நெடி அடிப்பது குளோரமின். வியர்வை, அழுக்கு, (சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது) சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாவது. கண் எரிவதற்கும் அதுதான் முக்கியக் காரணம். குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும் என்கிறது அதே மையம். பலகையில் ‘குளித்துவிட்டு இறங்கவும்’ என்று எழுதியிருப்பதை நாம் அனைவரும் படிக்கிறோம்.

● அந்த ஒரு நிமிட ஷவரில் முடிக்கும் லாபம் உண்டு. உலர்ந்த முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். தடிமன் 15 சதவீதம் போலப் பருக்கும். நீளம் மட்டும் ஓரிரண்டு சதவீதத்தோடு நின்றுவிடும். காய்ந்த தலையோடு குதித்தால் அந்த முதல் உறிஞ்சல் முழுவதும் குளத்து நீர். முதலிலேயே நல்ல தண்ணீரில் ஊறிய முடிக்குத் தாகம் அடங்கியிருக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் நீந்துகிறவர்களுக்குச் சொல்லும் யோசனைகளிலும் தலையை நனைப்பது இடம்பெறுகிறது.

இதை முழுக் கவசமாக நினைத்துவிடக் கூடாது. ஊறிய முடிக்குள்ளும் குளோரின் மெல்லப் பரவத்தான் செய்யும். நீந்த நீந்த இந்த அனுகூலம் குறைந்துவிடும். ஆனால் செலவு ஒரு பைசா இல்லை. என்னைக் கேட்டால், கடையில் நீச்சல் ஷாம்பு தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான். சடையைப் பிரித்து, அடிமுடி வரை தண்ணீர் இறங்கும்படி நனைக்க வேண்டும். பின்னிய சடையின் மேல் இரண்டு கை நீர் தெளிப்பது கணக்கில் வராது.

● இனி, நம் வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு குளத்தில் இறங்கலாமா?

தேங்காய் எண்ணெய்க்குக் கெட்டிக்காரத்தனம் உண்டு. மும்பையில் ரேலே, மோஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து கரைந்து போகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, கிளையில்லாமல் நேராக நீண்டது; அதனால் முடிக்குள் நுழைந்து உட்கார முடிகிறது. சூரியகாந்தியின் மூலக்கூறு வளைந்தது. மினரல் ஆயிலுக்குப் புரதத்தோடு ஒட்டும் குணமே இல்லை. மற்ற இரண்டும் மேலே பளபளத்ததோடு சரி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வு குளோரினை வைத்துச் செய்ததல்ல. எண்ணெய் முடியின் உப்பலைக் குறைக்கும், புரதத்தைக் காக்கும் என்பதுவரைதான் நிச்சயம். எண்ணெய் வழியும் தலையோடு இறங்கினால் அதில் பாதி குளத்தில் மிதக்கும். வடிகட்டியில் பிசுபிசுப்பாகப் படியும். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் எண்ணெயோடும் அழுக்கோடும் மல்லுக்கட்டி வீணாகும். பல குளங்களில் எண்ணெய்த் தலைக்குத் தடை போட்டிருப்பது வெறும் கெடுபிடி இல்லை. முந்தின நாள் இரவே, நடுமுடியிலிருந்து நுனி வரை மட்டும், உள்ளங்கையில் ஒரு சின்னக் கரண்டி அளவு எடுத்துத் தடவி ஊற விடுங்கள். தலைத்தோலுக்கு வேண்டாம். காலையில் தொட்டால் கையில் ஒட்டக் கூடாது. குளத்தில் அதற்கும் இடமில்லையென்றால், நனைத்த முடியில் கொஞ்சம் கண்டிஷனர் தடவித் தொப்பிக்குள் அடக்கிவிடலாம்.

● எண்ணெய் தடவிய தலைக்கு லேட்டக்ஸ் தொப்பி ஆகாது. லேட்டக்ஸ் என்பது ரப்பர் பால். எண்ணெய் பட்டால் ஊறி, தளர்ந்து, கிழியும். சிலிக்கோன் தொப்பி தாங்கும்.

● தொப்பி போட்டால் முடி நனையாது என்று நம்பி வாங்குகிறவர்கள் முதல் நாளே கோபப்படுவார்கள். எந்தத் தொப்பியும் தலையை முழுக்க உலர்வாக வைத்திருக்காது. காது ஓரத்திலும் பின்கழுத்திலும் தண்ணீர் புகுந்தே தீரும். ஆனால் உள்ளே புகும் கொஞ்ச நீர் அங்கேயே நிற்கிறது. வெளியிலிருந்து புதிய குளோரின் வந்துகொண்டே இருப்பது நிற்கிறது. தண்ணீர் முடியை உரசிக்கொண்டு ஓடுவதும் நிற்கிறது. லைக்ரா துணித் தொப்பி இந்த இரண்டையுமே பாதிதான் செய்யும். அதில் தண்ணீர் தாராளமாகப் புகும். லேட்டக்ஸ் மலிவு, ஆனால் கழற்றும்போது நெற்றி முடியைப் பிடுங்கும். நீள முடிக்கு சிலிக்கோன்தான். பின்பக்கம் பை போல இடம் விட்ட, நீள முடிக்கென்றே செய்த தொப்பிகளும் கிடைக்கின்றன.

உச்சந்தலையில் கொண்டை போட்டுத் தொப்பி மாட்டினால் அது நீந்த நீந்த நழுவி மேலே ஏறும். இரட்டைச் சடை போட்டு, பின்தலையில் தட்டையாகக் குறுக்கே சுற்றி, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். ஹேர்பின் வேண்டவே வேண்டாம்: துருப்பிடிக்கும், தொப்பியையும் குத்திக் கிழிக்கும். தொப்பியின் உள்பக்கத்தை நனைத்துக்கொண்டு, நெற்றியில் முன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் பின்பக்கத்தை விரித்து இறக்கட்டும். தனியாக மல்லுக்கட்டுவதைவிட அக்காவையோ பக்கத்தில் நிற்கும் தோழியையோ கூப்பிடுவது மேல்.

● மல்லிகைப் பூவோடு குளத்தில் இறங்க வந்தவரைக் காவலர் திருப்பி அனுப்பினால் கோபிக்காதீர்கள். இதழ்கள் மொத்தமும் வடிகட்டிக் கூடையில்தான் போய்ச் சேரும்.

● ஒரு தொப்பிக்காக உலகமே சண்டை போட்டது தெரியுமா? அடர்ந்து சுருண்ட முடிக்கும், நீளச் சடை முடிக்கும் சாதாரணத் தொப்பி போதாது. அதற்கென்று பிரிட்டனில் ‘சோல் கேப்’ என்ற நிறுவனம் பெரிய தொப்பிகளைச் செய்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பான ஃபினா அதை ஏற்க மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தை அது பின்பற்றவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். யாருடைய தலை இயல்பான தலை என்று உலகம் முழுவதும் கேட்டார்கள். பிரிட்டன் சார்பில் ஒலிம்பிக் நீச்சலில் இறங்கிய முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் டியரிங் அந்த ஆண்டு 10 கி.மீ. போட்டியில் நீந்தினார், அந்தத் தொப்பிக்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கடைசியில் 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. முடியைப் பற்றிய கவலையால் தண்ணீர்ப் பக்கமே வராத பெண்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, தொப்பியைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

● 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் தொப்பியும் போடவில்லை, நீச்சல் கண்ணாடியும் போடவில்லை. கூடவே அடர்ந்த மீசை வேறு! தலைமுடியின் கதி என்ன என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

● ‘எங்கள் குளத்தில் குளோரின் இல்லை, உப்பு நீர்தான்’ என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல்களும் அடுக்குமாடி வளாகங்களும் பெருகிவிட்டன. அந்தக் குளத்தின் மோட்டார் அறையில் ஒரு கருவி இருக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி அது குளோரினைத்தான் தயாரிக்கிறது. டப்பாவில் வாங்கி ஊற்றாமல் அங்கேயே காய்ச்சிக்கொள்கிறார்கள். முடிக்கு இரண்டும் ஒன்று. அளவு சீராக இருப்பதால் கண்ணுக்கும் தோலுக்கும் இதமாக இருக்கும் என்பது உண்மை. தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போக அது காரணமாகாது.

● கடலில் நீந்தினால்? கடலில் இருப்பது குளோரைடு. அது நிறத்தை வெளுக்காது. உப்பு காய்ந்து முடியை மொரமொரப்பாக்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும்.

● வெயில் முடியை வெளுக்கிறது. அதே வெயில் குளோரினையும் கொல்கிறது. பாதுகாப்பு மருந்து எதுவும் சேர்க்காத திறந்தவெளிக் குளத்தில், சுள்ளென்ற வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் குளோரின் அழிந்துவிடும். அதைத் தடுக்க சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தியைச் சேர்ப்பார்கள். பல குளங்களில் ஆள் இல்லாத இரவு நேரத்தில் குளோரின் போடுவதும் வெயிலுக்குப் பயந்துதான். அப்படிப் போடும் குளத்தில் விடிகாலை முதல் குழுவுக்குக் குளோரின் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆனால் ஊரார் வியர்வை கலக்காத தண்ணீர், வெயிலும் இல்லை. மாலைக் குழுவுக்கு அப்படியே தலைகீழ். முடிக்காக நேரம் தேர்ந்தெடுப்பதென்றால் நான் காலையைத்தான் சொல்வேன். உச்சி வெயில் 12 மணி யாருக்கும் வேண்டாம்.

● நீந்தி முடித்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு, வண்டியில் ஏறி, வழியில் இட்லி சாப்பிட்டு, வீடு போய் தலை அலசலாம் என்று இருந்துவிடுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஆவியாகும். அதில் கரைந்திருந்தது முடியிலேயே தங்கும். தொப்பியைக் கழற்றிய கையோடு குளத்து ஷவரிலேயே, சடையைப் பிரித்து, இரண்டு மூன்று நிமிடம் அலசிவிட வேண்டும். ஷாம்பு வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

● வண்ண மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் விடும் முன் சில சொட்டு மருந்து விடுவார்கள். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். குளோரினை நொடியில் முறித்துவிடும். இல்லாவிட்டால் மீன் செத்துப்போகும். நீச்சல்காரர்களுக்கென்று விற்கும் ஷாம்பு சிலவற்றிலும் இதே பொருள்தான் இருக்கிறது. கூடவே செம்பைப் பிடித்து இழுத்துப் போக ஈ.டி.டி.ஏ. என்ற பொருளும் இருந்தால் நல்லது. பாட்டிலின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

● வைட்டமின் சி-யும் குளோரினை முறிக்கும். குளோரின் ஒரு பங்கு என்றால் வைட்டமின் சி சுமார் இரண்டரைப் பங்கு வேண்டும். லிட்டருக்கு 3 மி.கி. குளோரின் உள்ள குளத்து நீர் அரை லிட்டர் உங்கள் கூந்தலில் தங்கியிருப்பதாகவே வைத்துக்கொள்வோம்: மொத்தம் 1.5 மி.கி. அதை முறிக்க நான்கு மி.கி. போதும். ஒரு எலுமிச்சம்பழச் சாற்றில் அதைப்போல் சில மடங்கு இருக்கிறது. ஒரு மக் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, வடிகட்டி, அலசிய முடியில் ஊற்றி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. குளோரின் ஏற்கெனவே உடைத்துவிட்டதை இது ஒட்ட வைக்காது. மிச்சம் தங்கியிருப்பதைத்தான் முறிக்கும். சாறு தோலில் பட்டபடியே வெயிலில் நிற்காதீர்கள்: எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் சிலருக்குத் தோல் கொப்புளித்துக் கறுத்துவிடும். அதனால் கட்டாயம் அலச வேண்டும்.

● தினமும் நீந்துகிறவர் தினமும் காட்டமான ஷாம்பு போட்டால், குளோரின் விட்டுவைத்த எண்ணெய்ப் பசையை ஷாம்பு எடுத்துவிடும். நீச்சல் ஷாம்பு வாரத்துக்கு ஓரிரு முறை, மற்ற நாளில் மென்மையான ஷாம்பு கொஞ்சம், எல்லா நாளும் கண்டிஷனர் என்பது நடக்கக்கூடிய திட்டம். கண்டிஷனரை வேரில் தேய்ப்பதில் பயனில்லை, நுனிக்குத்தான் பசி.

● ஈரமுடி இழுத்தால் நீளும், சீக்கிரம் அறும். நீந்திய தலையில் செதில்களும் தூக்கியிருப்பதால் பின்கழுத்தில் பெரிய சிக்கு விழும். அங்கே மேலிருந்து கீழே சீப்பை இழுத்தால் கொத்தோடு வரும். கண்டிஷனர் வழுவழுப்பு இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி நான்கு விரற்கடை நான்கு விரற்கடையாக மேலே ஏற வேண்டும். துண்டால் தேய்த்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த முடியில் கொதிக்கும் ஹேர் டிரையரைக் காட்டினால், முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் விட்டு உள்ளே பொந்து விழும். தோல் மருத்துவத்தில் ‘குமிழ் முடி’ என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

● நேராக்கல், ஸ்மூத்தனிங், பிளீச் செய்த முடிக்குச் செதில் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. குளோரினும் செம்பும் அங்கே தடையில்லாமல் போகும். பார்லரில் வேலை முடிந்த அடுத்த நாளே குளத்துக்குப் போனால் காசு தண்ணீரில்தான்.

● “நீச்சல் போனதிலிருந்து முடி கொட்டுகிறது” என்ற புகாரை ஒரு சின்னச் சோதனையில் சரிபார்க்கலாம். விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. குளத்து நீர் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வேலை. தோலுக்கு அடியிலிருக்கும் வேர்ப்பையைத் தொட அதற்கு எட்டாது. கொத்துக் கொத்தாக வேரோடு கொட்டினால் குளத்தை விட்டுவிட்டு, ரத்தசோகை, தைராய்டு என்று மருத்துவரிடம் கேட்பது உத்தமம்.

● கடைசியாக, அம்மாக்கள் பலர் மனதுக்குள் வைத்திருக்கும் ஓர் ஆசை: பிள்ளை நீச்சலுக்குப் போனால் தலையிலிருக்கும் பேனாவது ஒழியும். ஒழியாது. குளத்திலிருக்கும் அளவுக் குளோரின் பேனைக் கொல்வதில்லை. தண்ணீர் பட்டதும் பேன் முடியை இறுகப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கும், கரையேறியதும் எழுந்துகொள்ளும். குளத்து நீர் வழியாக இன்னொரு தலைக்குப் போவதும் அபூர்வம். தலையும் தலையும் முட்டிக்கொள்ளும் விளையாட்டில்தான் போகும். பேன் மருந்து போட்டிருந்தால் இரண்டு நாள் நீச்சலுக்கு விடுப்பு கொடுங்கள். சில மருந்துகளின் வீரியத்தைக் குளத்துத் தண்ணீர் குறைத்துவிடும், பேன் பிழைத்துக்கொள்ளும்.